கேஜ் ஓரத்துப் பிசிறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முப்பது வயசு வரைக்கும் அதற்கு நான் வைத்திருந்த பெயர் கண்டிப்பு. யார் என்ன சொன்னாலும், "நான் கொஞ்சம் கண்டிப்பான ஆளு" என்பேன். கேட்க கௌரவமாக இருக்கிறது இல்லையா!

எண்பதுகளின் கடைசியில் சென்னை பாடியில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். நூம்பலிலிருந்து ரெண்டு பஸ் மாறி, கசங்கிய புடவையும் டிபன் பாக்ஸுமாக ஏழு மணிக்கு முன்னால் உள்ளே நுழைந்துவிடுவேன். லேத்தில் துளை போட்டு வரும் பீஸ்களைச் சரிபார்ப்பதுதான் வேலை. அதற்கு ஒரு கேஜ், கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்புத் தண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. முதல் முனை போகவில்லை என்றால் துளை சின்னது, லேத்துக்கே திருப்பி அனுப்புவேன். மறுமுனையும் போய்விட்டால் துளை பெரிசு, சிவப்புப் பெயிண்ட் தடவித் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த அளவுக்குக் கம்பெனியில் இருந்தது ஒரே கேஜ். அது என் மேசையில். நான் சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தத் துளையைப் போடுகிறவன் திருமழிசையிலிருந்து சைக்கிளில் வருவான். என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். அவன் அப்பா கழனி வேலை செய்தவர், அந்த வீட்டிலிருந்து மிஷினைத் தொட்ட முதல் ஆள் இவன்தான். ரெண்டு வருஷமாக டெம்ப்ரவரி. எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை அன்றைக்குப் பொரிப் பொட்டலத்தோடு பெர்மனென்ட் ஆர்டரையும் முதலாளி தன் கையால் கொடுப்பார். அந்த வருஷ லிஸ்டில் அவன் பெயர் இருந்தது. அந்தக் காகிதம் வந்தால்தான் பொண்ணு வீட்டில் தட்டு மாற்றுவார்கள் என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும்.

அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பூஜைக்குப் பத்து நாள் இருக்கும்போது, நான் பீஸ் பார்க்கிற இடத்தில் வந்து நின்று, "மூஞ்சிய ஏங்கா இப்டி உர்ருனு வச்சிகினு கீறே? கேஜே பயந்துகினு உள்ள போவுது பாரு!" என்றான். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, கையிலிருந்த கேஜை இரும்புப் பலகை மேல் ணங்கென்று அறைந்தேன். "போய் வேலையப் பாருடா!"

அடிபட்ட கேஜை டூல் ரூமில் காட்டாமல் திரும்பத் தொடக் கூடாது. புதுசாக வருகிறவர்களுக்கு நானே முதலில் சொல்வது அதுதான். ஆனால் நான் அடித்தேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவன் அடிக்க வைத்தான் என்றுதான் தோன்றியது.

மறுநாளிலிருந்து அவன் பீஸ்களில் பாதிக்கு மேல் கேஜ் போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "வாய் வேலை செய்யுது, கைதான் செய்யல போல" என்றேன்.

"என் கைக்கு சரியாத்தாங்கா படுது. ஒரு தபா கேஜைப் பாரேன்."

"கேஜுக்கு உன் மேல என்னடா பகை?"

மூணு நாள் கேட்டான், நாலாம் நாள் கேட்கவில்லை. சின்னது என்று நான் திருப்பியதையெல்லாம் எடுத்துப் போய், என் கேஜ் போகிற வரைக்கும் கடைந்து கொண்டுவந்தான். கேஜ் போனது. மறுமுனையும் கூடவே போனது. சிவப்புப் பெயிண்ட்! அவன் தட்டு முழுக்கச் சிவப்பு. இப்போது அது நிஜமாகவே கெட்ட வேலை. சூப்பர்வைசர் லிஸ்டிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார்.

பூஜைக்கு முதல் நாள் எல்லாச் சாமானையும் வேஸ்ட் காட்டனால் துடைத்துச் சிவப்புத் துணியில் அடுக்குவோம். சந்தனம் குங்குமம் வைக்க வேண்டுமே. கேஜைத் துடைக்கும்போது முதல் முனையின் விளிம்பில் நூல் சிக்கியது. எடுத்துவிட்டுத் துடைத்தேன், மறுபடியும் சிக்கியது. நகத்தால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு. நான் பலகையில் அறைந்த இடம். சரியான துளைக்குள்ளும் கேஜைப் போகவிடாமல் தடுத்தது இதுதான்.

"அய்யய்யோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? எண்ணெய்க் கல்லில் நாலு தேய் தேய்த்தால் பிசிறு போய்விடும், ஒருத்தருக்கும் தெரியாது. கல்லைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு என்னைத் தெரிந்தது. கண்டிப்பான ஆளாம், கண்டிப்பான ஆளு! அடுத்தவன் தப்பில் மயிரிழை விடாதவள், என் தப்பைத் தேய்த்து அழிக்கக் கல்லோடு நிற்கிறேன்.

கல்லைக் கீழே வைத்துவிட்டு சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். "பூஜை முடியட்டும்மா, பாத்துக்கலாம்" என்றார். முடிந்துவிட்டால் எனக்கு தைரியம் போய்விடும் என்று எனக்கே தெரியும். மறுநாள் கற்பூரம் ஏற்றும் முன்னால், முதலாளி எதிரில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். எனக்கு மெமோ கிடைத்தது. அவனுக்குப் பொங்கலுக்கு ஆர்டர் வந்தது. கல்யாணமும் நடந்தது, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அவனிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது, கேட்கப் பயந்து ஒரு மாசம் ஓட்டினேன். பிறகு டீ குடிக்கும்போது கேட்டேன். "கைக்கு சரின்னு பட்டும் ஏண்டா பெரிசாக்கினே?"

"நீ கரெக்டா பாக்கற ஆளாச்சேக்கா. எனக்கே என் கை மேல டவுட்டு வந்துட்ச்சி" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

முன்பெல்லாம் ஐம்பது பீஸ் போட்டு மொத்தமாகத் தட்டைக் கொண்டுவந்து வைக்கிறவன், அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தான். "சரியா கீதான்னு பாருக்கா." எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கேலி பேசுவதையும் விட்டுவிட்டான். புது கேஜ் வாங்கினார்கள். நானும் கோபம் வந்தால் கையில் இருப்பதை முதலில் கீழே வைக்கப் பழகிக்கொண்டேன், சில நாள் மறந்தும் போவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலையை விட்டேன். கடைசி நாள் அன்றைக்கும் ஒரு பீஸோடு வந்தான். நான் வாங்கவில்லை, கேஜை அவன் கையில் கொடுத்து, "நீயே பாருடா" என்றேன். துளையில் விட்டான். முதல் முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. திருப்பி விட்டான், மறுமுனை வாசலிலேயே நின்றது. கச்சிதமான வேலை. அவன் கேஜைப் பார்க்கவே இல்லை. என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.