கடலைப் பரீட்சை

முப்பத்தாறு வயதில் என் வாயில் ஒரு பல்கூட இல்லை. ஈறு வீங்கும், சீழ் வைக்கும், பிடுங்குவார்கள். அந்தக் காலத்தில் பல்லுக்கு வைத்தியம் என்றால் குறடுதான். சாப்பாட்டைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. எங்கள் சித்தூர் வீட்டில் கேழ்வரகுக் களி தினமும் உண்டு, அதை உருட்டி விழுங்கினால் போதும். கவலையெல்லாம் வகுப்பைப் பற்றித்தான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புத் தமிழ் டீச்சர். வாசிக்க வைப்பதும், நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகளை எழுத வைப்பதும்தான் என் வேலை. பல் போன பிறகு, வாயிலிருந்து காற்று தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்தது. நான் ஒன்று சொல்வேன், பிள்ளைகள் வேறொன்று எழுதுவார்கள். காதில் விழுந்ததைத்தானே எழுதுவார்கள், அவர்களைக் கோபித்து என்ன பயன்? ஆனாலும் கோபித்தேன். எனக்குச் சட்டென்று மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இப்பிடியே இருந்தா, ஜூன்ல ஸ்கூல் தெறந்ததும் நீங்க ஹாஸ்டல் சமையலைப் பாத்துக்குங்க. சம்பளம் அதேதான்.”

சம்பளம் குறையாது என்று ஆறுதல் வேறு. அரிசி அளந்து போடவா நான் டிரெயினிங் முடித்தேன்? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல்செட் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது, பல்லே இல்லாதவர்களைத் தேடுகிறார்கள் என்று சபையில் யாரோ சொன்னார்கள். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பிடிக்கவில்லை.

“ஆராய்ச்சியா? உன்னை இன்னா எலின்னு நெனச்சிக்கினாங்களா?” என்றார்.

எலிக்காவது பல் இருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் மலைக்கு முடி கொடுக்கப் போகிறவர்கள், நான் பல் வாங்கப் போகிறவள்.

ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்டவர் ஓர் இளவயது டாக்டர். தெலுங்குக்காரர், ஆனால் தமிழ் புரியும், பேசவும் பேசுவார். எங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு செட் கட்டுவார்கள். ஒன்றில் அண்ணத்தை மூடும் தகடு தடிமனாகவும், கடைவாய்ப் பற்கள் கூராகவும் இருக்கும். மற்றதில் தகடு மெல்லிய உலோகம், கடைவாய்ப் பற்கள் தட்டை. ஒவ்வொன்றையும் இரண்டு மாதம் போட்டுப் பழக வேண்டும். பிறகு கடலைப் பரீட்சை. எதில் நன்றாக மெல்கிறோமோ அது நமக்கு. மற்றதை அவர்கள் அறுத்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நான் தலையாட்டிவிட்டேன்.

முதலில் வந்தது தடிமன் செட். அதைப் போட்டுக்கொண்டு பேசினால், வாய் நிறையச் சேப்பங்கிழங்கை அடக்கிக்கொண்டு பேசுவது போலிருந்தது. மெல்லுவதில் குறையில்லை. இரண்டு மாதம் கழித்துப் பரீட்சைக்குப் போனேன். வறுத்த வேர்க்கடலையை வாயில் போட்டு, இருபது தடவை மென்று, கிண்ணத்தில் துப்ப வேண்டும். துப்பியதைச் சல்லடையில் சலித்து எவ்வளவு அரைபட்டது என்று பார்ப்பார்கள். டாக்டர் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரே நின்றார். எனக்கு முன்னால் நகரியிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி, தறிக்காரக் குடும்பம். மென்றாள், டாக்டர் முகத்தைப் பார்த்தாள், மடக்கென்று விழுங்கிவிட்டாள்.

“ஏமம்மா, மிங்கேசாரா? முழுங்கிட்டீங்களா?” என்று தலையில் கைவைத்தார் டாக்டர்.

“எச்சியை எப்பிடி சாமி உங்க கையில துப்பறது? டாக்டரு நீங்க!” என்றாள் அவள்.

படித்தவள் என்று பெயர், நானும் விழுங்கினேன். அன்றைக்கு வந்த அத்தனை பேரும் விழுங்கினோம். சலிக்க ஒன்றுமில்லை. அடுத்த வாரம் எங்களை மறுபடி வரச்சொல்லி, ஒரு மூலையில் திரை கட்டி, உள்ளே ஸ்டூல் மேல் கிண்ணத்தை வைத்தார். திரைக்கு வெளியே நின்று, “ஒகட்டி, ரெண்டு, மூடு” என்று அவர் எண்ண, உள்ளே நாங்கள் ஒவ்வொருவராக மென்றோம். யாரும் பார்க்காததால் துப்ப முடிந்தது.

பிறகு மெல்லிய செட் வந்தது. தகடு இருக்கிறதா என்று நாக்கால் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அன்று இரவு ஜெபத்தில் வேதம் வாசித்தேன். காது மந்தமான நைனா நிமிர்ந்து பார்த்து, “இன்னைக்கு நல்லா கேக்குதே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் கடலையைக் கடித்தால் செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது, பருப்பு முழுசாக நழுவி ஓடியது. பரீட்சையில் இது தோற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மே மாதம் கடைசிப் பரீட்சை, ஒரே நாளில் இரண்டு செட்டுக்கும். மெல்லிய செட்டில் பாதிக் கடலை அப்படியே வந்தது. தடிமன் செட்டை மாட்டிக்கொண்டு மறுபடி திரைக்குள் உட்கார்ந்தேன். பட்டும் படாமலும் மென்று துப்பினால் போதும், இதுவும் தோற்றுவிடும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான். டாக்டர் எண்ணி முடிக்கும்வரை ஒழுங்காக மென்றேன். அவ்வளவும் மாவாகிவிட்டது. அந்தக் கிண்ணத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது.

வெளியே வந்ததும் வெடித்துவிட்டேன். “நான் இன்னா கடலை துன்றதுக்கா பல்லு கட்டிக்கினேன்? பாடம் சொல்றதுக்குக் கட்டிக்கினேன். எனக்கு அந்த செட்டுதான் வேணும்.”

டாக்டர் விழித்தார். “ஏமன்டாரு? அர்த்தம் காலேது.” நான் சொன்னது புரியவில்லையாம்.

நேரே திரைக்குள் போனேன். தடிமன் செட்டைக் கழற்றி, மெல்லியதை மாட்டிக்கொண்டு வந்து, அதையே ஓர் எழுத்து மாறாமல் திருப்பிச் சொன்னேன். வராண்டா பெஞ்சு வரைக்கும் கேட்டது.

“அப்போ என்ன சாப்பிடுவீங்க டீச்சரம்மா?”

“களி துன்றேன் சார். சாப்பாட்டுக்கு ஆயிரம் வழி இருக்கு. பேசறதுக்கு இந்த வாய் ஒண்ணுதான்.”

“பெரிய டாக்டர் என்னைத் திட்டுவாரு” என்றார். பிறகு, “சரி, மீ இஷ்டம்” என்று தடிமன் செட்டை எடுத்துக்கொண்டார். போகிறதே என்று முறுக்கை நினைத்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன், பொய் சொல்வானேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புக்கே போகச் சொன்னார். எல்லாரையும் சிலேட்டை எடுக்கச் சொல்லி ஆரம்பித்தேன். ஒரு வாக்கியம், அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து நின்றாள்.

“டீச்சர், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. நீங்க பேசிக்கினே போறீங்க, எங்களால எழுத முடியல.”

என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.