மூக்கக்கா மோந்து பார்த்த தட்டு

எங்கள் ஆய்வகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூக்கக்காதான். இருபத்திரண்டு வருடமாகக் கிருமி வளர்க்கிறவள். ரத்தம் கலந்த ஜெல்லித் தட்டில் மாதிரியைக் கோடு கோடாக இழுத்து, சூட்டுப்பெட்டியில் வைத்து, மறுநாள் மூடியைத் திறந்து ஒரு மோப்பம் பிடித்தே எந்தக் கிருமி என்று சொல்லிவிடுவாள். "திராட்சை வாசம். அவனேதான்!" சாயங்காலம் வரும் சோதனை முடிவும் அதையே சொல்லும். தட்டை மோந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டியதே அந்த மகராசிதான்.

விடாத காய்ச்சலோடு வந்த பால்காரர் ஒருவரின் ரத்தம். மூன்று நாள் தட்டில் ஒன்றுமில்லை. நாலாம் நாள் குண்டூசி முனை அளவுக்குப் புள்ளிகள் முளைத்தன. மோந்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒரு வாசமும் இல்லையேடி. நீ பாரு, மாசமா இருக்கிறவளுக்கு மூக்கு நல்லா வேலை செய்யும்."

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். பெருமையாக, ஆழமாக இழுத்தேன்.

மதியம் சாயமேற்றி நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிரவே இல்லை. நான் அவளைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். மணல் தூவினாற்போல் பொடிப்பொடியாகச் சிவப்பு. யூரியா சோதனைக் குழாயும் சீக்கிரமே இளஞ்சிவப்பாக மாறியது. மாடுகளுக்குச் சினை கலைய வைக்கும் கன்று வீச்சு நோயைத் தருகிற கிருமி. மூச்சோடு மனிதர்களுக்குள் போகும். வயிற்றுப் பிள்ளையும் கலையலாம்.

"அடிப்பாவி!" என்று கத்தினேன்.

இருவருக்கும் மூன்று வாரம் மாத்திரை, ஆறு மாதம்வரை ரத்தப் பரிசோதனை. "இருந்தாலும் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். அன்றிலிருந்து பிள்ளை அசைந்தாலும் பயந்தேன், அசையாவிட்டாலும் பயந்தேன். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

அவள் விடவில்லை. தினமும் வந்ததும் வராததுமாக என் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். தெர்மாமீட்டரை நம்ப மாட்டாள், அதுதான் அவள் புத்தி. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஏழாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை. கை வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சில்லுன்னு இருக்குடி! உனக்கு ஒண்ணும் வராது பாரு."

என் நெற்றியில் அந்தக் கை கொதித்தது.

"அக்கா," என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.