வீட்டுப் பக்கம் பார்த்து நின்ற பெட்டி

கனடாவில் எங்கள் நான்கு குடும்பமும் ட்ரெயிலர்களோடு காம்பிங் போகிறோம். இடம் தெரிவு செய்வதில் இன்று காலை முழுக்க வட்சப்பில் சண்டை.

ஏரிக்கரை வேண்டுமாம். நிழல் வேண்டுமாம்.

எனக்கு யாழ்ப்பாணத்தில் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடம்பெயர்ந்ததுதான் ஞாபகம் வந்தது. அன்றும் நான்கு குடும்பம், ட்ரக்டர் இழுக்கும் ஒரே ஒரு பெட்டி. ஆமி நெருங்க, பண்டத்தரிப்பு வீட்டை விட்டு ஓடி, மழையில் நனைந்து மீசாலைக்கு வந்து சேர்ந்தோம்.

ஒரு தென்னங்காணியைக் காட்டி மாமா சொன்னார்: "கிணறும் கிடக்கு, நிழலும் கிடக்கு. பெட்டியை உள்ளுக்கை விடுவம்."

அம்மா மறித்தார். "வேண்டாம் அண்ணை. றோட்டுக்கரையிலை, வீட்டுப் பக்கம் பாத்து விடுங்கோ. ரெண்டு நாளிலை போயிடுவம்தானே. கட்டிப்போட்ட மாட்டுக்கு ரெண்டு நாளைக்குத்தான் தண்ணி வைச்சனான்."

பெட்டி வீட்டுப் பக்கம் பார்த்தபடியே மாதக்கணக்கில் சேற்றில் நின்றது. மாட்டைப் பற்றி அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

இன்று குழுவில் எழுதினேன்: "எனக்கு வாசலுக்குக் கிட்ட, வெளியே பார்த்தபடி நிறுத்த ஒரு இடம் போதும்."

அன்று அம்மாவின் இடுப்பில் இருந்த தம்பி சிரித்துக்கொண்டு குரல் பதிவு அனுப்பினான்: "ஏன் அண்ணை உந்த அவசரம்? ரெண்டு நாளிலை வீட்டை வந்திடுவம்தானே."