ஆஸ்பத்திரிப் பாறையைத் தாண்டாத வண்டி

பேருந்துப் பணிமனையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தவரை, ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் ஃபிட்டர் என்றே அழைத்தார்கள். அவர் பார்த்தது ஒரே பிரிவு: வில்பட்டைகளும் ஷாக் அப்சார்பர்களும். என்ஜின் எப்படி இரைந்தாலும் தலையைத் திருப்ப மாட்டார். சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே இருக்கும் ஒரு முழ இடைவெளிதான் அவருடைய ராஜ்யம்.

அவருடைய மனைவியின் தம்பி அதே பணிமனையில் டிரைவர். காலை ஐந்து மணிக்குப் புறப்படும் முதல் டிரிப் அவருடையது. திரும்பி வந்ததும் புகார்ப் புத்தகத்தில் எழுதுவார்: “முன்பக்கம் துள்ளுகிறது.” ஃபிட்டர் வண்டியைப் பழுது பார்க்கும் குழியின்மேல் நிறுத்தி, போல்ட்டுகளைச் சுத்தியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, நான்கு பேரை பம்பர்மேல் ஏற்றிக் குதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே எழுதுவார்: “பார்க்கப்பட்டது. குறை இல்லை.”

இந்தக் கடிதப் போக்குவரத்து இருபத்தாறு ஆண்டுகள் நடந்தது. புத்தகத்தில் முடியாத வழக்கு விருந்துச் சாப்பாட்டிலும் தொடரும்.

“அத்தான், ஒரே ஒரு நாள் என்கூட முதல் டிரிப் வாங்க. வந்துட்டு அப்புறம் எழுதுங்க குறை இல்லைன்னு.”

“கைய வெச்சாலே எனக்குத் தெரியும் மாப்ள. ஏறி உக்காந்து பாக்க நான் என்ன பயணியா?”

“ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு துள்ளுங்க,” என்பார் ஃபிட்டரின் மனைவி.

ஃபிட்டர் வேலைக்குச் சைக்கிளில் போனவர். அந்த முதல் டிரிப்பில் அவர் ஒரு நாளும் ஏறவில்லை. இருவரும் ஓய்வு பெற்றார்கள். புகார்ப் புத்தகம் பணிமனையிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பின் அவர்களைச் சேர்த்து வைத்தது ஒரு ரிமோட் பொம்மை வண்டி. டிரைவரின் மகள் கல்லூரிக் காலத்தில் ஆசையாக வாங்கி, வேலை கிடைத்து வேறு ஊர் போனபோது பரணில் விட்டுச் சென்றது. பாறைமேல் ஏறுவதற்கென்றே செய்த வகை, முழங்கை நீளம், பெரிய மெத்துச் சக்கரங்கள். வேகம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஆமை வேகத்தில் ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவி ஏறும். தூசி தட்டி இறக்கியபோது அதன் நான்கு ஷாக்குகளிலும் எண்ணெய் கசிந்து வற்றியிருந்தது. ஃபிட்டரின் முகத்தில் பத்து வயது குறைந்தது.

குடியிருப்பின் பின்புறம், கட்டட வேலைக்காகப் பிளந்து கொட்டி, பிறகு யாரும் சீந்தாமல் போன பாறைக் குவியல் ஒன்று இருந்தது. டிரைவர் அதில் ஒரு வழித்தடமே போட்டுவிட்டார். முதல் கல் சந்தை. அடுத்தது பள்ளிக்கூடம். நடுவே பிளவுபட்டு நிற்கும் பெரிய பாறை ஆஸ்பத்திரி. அதைத் தாண்டினால் தபால் நிலையம். உச்சியில் இருக்கும் தட்டைக்கல் டிப்போ கேட். அவர் ஓட்டிய தடத்தின் நிறுத்தங்கள் அவை, வரிசை மாறாமல்.

ஒரு மாதத் தொடக்கத்தில் டிரைவர் ஒரு செய்தி சொன்னார். மகளுக்குக் குழந்தை பிறந்து, அவருடைய மனைவி ஏற்கெனவே அங்கே போயிருந்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை தாமும் ஒரேயடியாகக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, பேச்சை மாற்றுவதுபோல் வண்டியைப் பார்த்தார்.

“போறதுக்குள்ள ஒரு டிரிப்பாவது முழுசா கேட் வரைக்கும் கொண்டு போயிடணும் அத்தான். சர்வீஸ்ல ஒரு நாளும் நான் பாதி வழியில நின்னதில்ல.”

ஃபிட்டர் மறுநாளே வெர்னியர் அளவுகோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரிமோட் பொம்மைக் கடைக்குப் போனார். பழைய ஷாக்கை ஒரு துளையின் மையத்திலிருந்து மறு துளையின் மையம்வரை அளந்தார்: தொண்ணூறு மில்லிமீட்டர். பிளாஸ்டிக் உடலை ஒதுக்கி, ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்த மறை வெட்டிய அலுமினிய உடலை எடுத்தார். ஸ்பிரிங்குகளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, இருப்பதிலேயே இறுக்கமானதைத் தேர்ந்தார். எண்ணெயிலும் இருப்பதிலேயே கெட்டியானது.

“பாறைக்குன்னா கொஞ்சம் மெலிசா போடுவாங்க சார்,” என்றார் கடைக்காரர்.

“பஸ்ஸுக்குப் போட்டவன் நான்,” என்றார் ஃபிட்டர். கடைக்காரர் கேட்டதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் ஒரு மரக்கட்டையில் நான்கு துளையிட்டு, ஷாக்குகளை அதில் நிறுத்தி, எண்ணெய் ஊற்றினார். பிஸ்டன் தண்டை மெல்ல மேலும் கீழும் அசைத்து, காற்றுக் குமிழ்கள் மேலேறி உடையும்வரை கால் மணி நேரம் காத்திருந்தார். ஒரு குமிழ் உள்ளே தங்கினாலும் ஷாக் ஏமாற்றிவிடும்.

“என்ன, யாருக்காவது ஊசி போடப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார் மனைவி.

மாலையில் பாறைக் குவியலில் வண்டி சந்தையைத் தாண்டியது. பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. ஆஸ்பத்திரியில் முன்சக்கரம் ஒன்று பிளவின்மேல் அந்தரத்தில் நின்றது, உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, உருண்டது. மாலைக்கு மாலை இதே கதை. ஃபிட்டர் ஷாக்கின் மேல்முனையை இன்னும் நிமிர்த்தி மாட்டினார். ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினார். வண்டி முன்னைவிட முந்திக்கொண்டு உருண்டது.

“ஆஸ்பத்திரிக்குள்ள போறவங்க திரும்பி வர மாட்டாங்க போல,” என்றார் டிரைவர். பிறகு சிரிக்காமல் சொன்னார்: “முன்பக்கம் துள்ளுது அத்தான்.”

“ஷாக்ல ஒரு குறையும் இல்ல மாப்ள. உன் கை நடுங்குது.”

டிரைவர் ரிமோட்டைக் கல்லின்மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன் காலை, ஃபிட்டர் வண்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். மெல்ல இறங்கியது, மெல்ல ஏறியது, ஓர் ஆட்டம்கூட மிச்சமில்லை.

“இதப் பாரு. இதுக்கு என்ன குறைச்சல்?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். “நீங்க அமுக்கும்போது அம்சமாத்தான் இருக்கு. மலைமேல யாரு அமுக்குவாங்க?”

ஃபிட்டர் வண்டியின் உயரத்துக்குக் குனிந்தார். கையை எடுத்தார். வண்டி நான்கு கால்களிலும் விறைத்து நின்றது. சக்கரம் கீழ்நோக்கி இறங்க ஒரு விரற்கடைகூட இடமில்லை. குழி வந்தால் கால் நீளாது. நீளாத கால் அந்தரத்தில்தான் நிற்கும்.

பணிமனையில் பம்பர்மேல் ஏற்றிய நான்கு பேர் நினைவுக்கு வந்தார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் இறுக்கியது அறுபது பேர் ஏறும் வண்டியை. ஆள் ஏறினால்தான் அந்தப் பட்டைகள் இளகும். ஆளில்லாத வண்டி எப்படிப் போகும் என்று அவர் யோசித்ததே இல்லை. காலை ஐந்து மணிக்கு அறுபது இருக்கையும் காலியாக, டிரைவரையும் கண்டக்டரையும் மட்டும் ஏற்றிக்கொண்டு, அந்தப் பேருந்து சந்தைவரை எப்படிப் போயிருக்கும்? இருபத்தாறு ஆண்டுகள்!

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் எதுவும் கேட்காமல் இருப்பதிலேயே மெல்லிய ஸ்பிரிங்கையும் மெல்லிய எண்ணெயையும் எடுத்து வைத்தார். நல்ல மனிதர்.

கெட்டி எண்ணெயை வடித்து, துடைத்து, புதிதை ஊற்றி, குமிழ் அடங்கக் காத்திருந்து, ஷாக்கின் மேல்முனையை உட்பக்கத் துளைக்கு மாற்றிச் சாய்த்து மாட்டியபோது வியாழன் மதியமாகிவிட்டது. வண்டி இப்போது தன் கனத்திலேயே பாதி அமர்ந்து, சோம்பலாக நின்றது. பழைய ஃபிட்டராக இருந்தால் அதைப் பணிமனையை விட்டு வெளியே விட்டிருக்க மாட்டார்.

மாலையில் மைத்துனரின் வீட்டுக் கதவைத் தட்டினார். கூடத்தில் கயிறு கட்டிய பெட்டிகள்.

“கடைசி டிரிப் இருக்கு மாப்ள. வண்டி ரெடி.”

டிரைவர் ரிமோட்டை வாங்கிக்கொண்டு பாறைக் குவியலுக்கு முன்னால் நடந்தார். சந்தை, பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரிப் பிளவில் முன்சக்கரம் தயங்கி, பிறகு தொங்கியபடியே கீழே இறங்கி, பிளவின் அடியில் கால் ஊன்றியது. உடல் சாயவில்லை. பின்சக்கரம் தள்ள, வண்டி முனகிக்கொண்டு மேலேறியது. தபால் நிலையத்தில் ஒரு முறை வழுக்கியது. டிரைவர் அதைப் பின்னுக்கு எடுத்து, வழியை ஒரு சாண் மாற்றி, மறுபடி ஏற்றினார். அவருடைய கை நடுங்கவே இல்லை. டிப்போ கேட்டில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல் சக்கரத்தை நேராக்கிவிட்டுத்தான் ரிமோட்டை அணைத்தார்.

“என்ன பண்ணீங்க அத்தான்?”

“ஆள் இல்லாத வண்டின்னு இப்பத்தான் தெரிஞ்சுது.”

டிரைவர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு வண்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அதிகாலை, ரயில் நிலையம் போகும் முதல் பேருந்தில் டிரைவர் பயணியாக ஏறினார். பெட்டிகளை ஏற்றிவிட்டு ஃபிட்டர் இறங்கிவிடுவார் என்றுதான் டிரைவர் நினைத்தார்; அவர் இறங்கவில்லை. முன்சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள இருக்கையாகப் பார்த்து, ரிமோட் வண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அக்கா தேடுவாங்க அத்தான்.”

“சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

அவர்கள் இருவரைத் தவிரப் பேருந்தில் பயணி யாருமில்லை. வண்டி கிளம்பி முதல் திருப்பத்தைத் தாண்டியதும், சாலையின் சிறு பள்ளத்துக்கே இருக்கை அவரைத் தூக்கிப் போட்டது. பல்லோடு பல் மோதியது. மடியிலிருந்த சின்ன வண்டியின் நான்கு சக்கரங்களும் பஞ்சுபோல் ஆடி அடங்கின.

பக்கத்தில் இருந்த மைத்துனர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின.

“சிரிக்காத மாப்ள,” என்றார் ஃபிட்டர், முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு. “துள்ளுதுதான்.”