கத்தக் கூடாத கண்மாய்

சிங்கம்புணரியில் கயிற்று ஆலை வேலையை விட்டுவிட்டுக் காரைக்குடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். இரண்டு வருடம் முன்பு, தை மாதம். தேங்காய்த் தும்புத் தூசி மூச்சை அடைத்தது, கிளம்பிவிட்டேன். ஓர் இடத்தில் நிலைத்து வேலை பார்ப்பவன் இல்லை நான். படிப்பும் ஆறாம் வகுப்போடு சரி.

திருப்பத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், பறவைகள் சரணாலயமாக இருக்கும் கண்மாய் ஒன்று வந்தது. நடுவில் நின்ற கருவேல மரங்கள் முழுக்க மஞ்சள் மூக்கு நாரைகள். கூடுகளில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கரையில் நின்று பார்த்தது போதவில்லை. கணுக்கால் தண்ணீர்தானே என்று வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி மரங்களுக்குப் பக்கம் போனேன். வயலுக்கு வண்டல் அள்ளிய பள்ளம் அங்கே இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒரே எட்டில் இடுப்பு வரை சேற்றுக்குள் போய்விட்டேன். காலை இழுக்க இழுக்க இன்னும் கீழே போனேன்.

ஐயோ என்று அலறினேன். நாரைகள் மொத்தமாக எழும்பின. அந்தக் கலவரத்தில் ஒரு குஞ்சு கூட்டிலிருந்து தவறி என் முன்னால் விழுந்தது. இறகு முளைக்காத அது தண்ணீரில் துடித்து அடங்கிவிட்டது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் உதட்டில் விரலை வைத்தபடி ஓடிவந்தாள். “அண்ணே, கத்தாதீக! குஞ்செல்லாம் விழுந்திரும்.”

“முங்கப் போறேன் தாயி!”

“ஆடாம நின்னா முங்க மாட்டீக. வாயை மூடிக்கிட்டு இருங்க, ஆளக் கூட்டியாரேன்.” சொல்லிவிட்டு ஊர்ப்பக்கம் ஓடினாள்.

நேரம் போனது. சேறு நெஞ்சைத் தொட்டது. மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. அவள் வராவிட்டால் நான் இங்கே செத்தது யாருக்கும் தெரியாது, தேடவும் ஆள் இல்லை. நாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, நான் ஒருவன் இருப்பதே தெரியாதது போலக் குஞ்சுகளுக்கு மீனைக் கக்கின. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாம்பு நீந்திப் போனது. அலறல் தொண்டை வரை வந்துவிட்டது. செத்து மிதந்த குஞ்சைப் பார்த்தேன். தோளில் கிடந்த துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

அவள் தன் கணவரோடு மூங்கில் ஏணி ஒன்றைத் தூக்கிவந்தாள். சேற்றின் மேல் அதைப் படுக்கப்போட்டு, அவர் அதில் குப்புறப் படுத்து ஊர்ந்துவந்து என் அக்குளில் கயிறு கட்டினார். இருவரும் இழுத்துக் கரை சேர்க்கும் வரை பேச்சே இல்லை. பிறகுதான் அவர் தணிந்த குரலில் ஆரம்பித்தார். “இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடாத ஊருய்யா இது. இங்க வந்து தொண்டையக் கிழிக்கிறீகளே! கரையில நின்னு பாத்தா கண்ணு தெரியாதா? குஞ்சுக்குப் பேரு வைக்கவா போனீக?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் உடம்பெல்லாம் சேறாக நின்றேன். அவருடைய பழைய சட்டையைப் போட்டுவிட்டுக் காரைக்குடி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதனால் முதல் நாளிலிருந்தே கூட வேலை செய்பவர்களின் முகத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். குரல் கேட்கவில்லை என்பதற்காக ஒருவன் நன்றாக இருக்கிறான் என்று என்னால் இனி நினைக்க முடியாது.