கடைசி மேசையின் மூடி

தட்சிணாமூர்த்தி சிதம்பரத்தை ஒட்டிய ஒரு பாலிடெக்னிக்கில் தலைமை எழுத்தர். பூர்வீகம் குமராட்சிப் பக்கம், நெல் விளைவிக்கும் குடும்பம். பிடிவாதம் மட்டும் அவருடைய தனிச் சொத்து. பங்காளிகள் யாருக்கும் அதில் பாத்தியதை கிடையாது. 2004இல் ஒரே மகள் இளமதி, தன்னோடு டிப்ளமா படித்த அன்புமணியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் கடலூர்ப் பக்கத்து மீனவக் குடும்பம். உறவெல்லாம் கூடியிருந்த கூடத்தில் வைத்து, "இனிமே அவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றார் இவர். சொன்ன சூடு ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் இருபது பேர் காதுபடச் சொன்னதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது? அது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஆபீசில் இருந்த ஐந்து பழைய கம்ப்யூட்டர்களையும் ஒரே பிரிண்டரோடு இணைக்க வேண்டும் என்று முதல்வர் ஞானசேகரனுக்குத் தோன்றியது. அதுவரை எல்லோரும் பிளாப்பியைத் தூக்கிக்கொண்டு டைப்பிஸ்ட் அமிர்தத்தின் மேசைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரிண்டர் அங்கேதான் இருந்தது. கடலூரில் ஒரு கம்ப்யூட்டர்க் கடைக்குச் சொல்லி அனுப்பினார்கள். கடை ஆளாக, பையும் கறுப்பு ஒயர்ச் சுருளுமாக வந்து இறங்கியது இளமதி.

அவளைப் பார்த்ததும் தட்சிணாமூர்த்தி பேனா மூடியைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டார். அவளும் கெட்டிக்காரி. "இந்த மேசை யாருது சார்?" என்று ஊரார் போலக் கேட்டாள். "ஆபீஸ் மேசைதான்" என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

கொடிக்கயிறு கட்டுகிற மாதிரி மேசைக்கு மேசை ஒரே ஒயரை இழுத்தாள். அது அமிர்தத்திடம் தொடங்கி, தட்சிணாமூர்த்தியின் மேசையில் முடிந்தது. இரண்டு நுனியிலும் விரல் நுனி அளவுக்கு ஓர் இரும்பு மூடியை மாட்டினாள். "இது கழண்டா அனுப்புனதெல்லாம் முட்டித் திரும்பிடும்க்கா. யாருக்குமே பிரிண்ட் வராது" என்று அமிர்தத்திடம் விளக்கினாள். தட்சிணாமூர்த்தி தலை நிமிரவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் கம்ப்யூட்டர் பற்றி இவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி ஞானாம்பாளிடம், "இன்னிக்கு வந்துச்சு. நீலச் சுடிதார். எளைச்சிடுச்சு" என்றார். ஞானாம்பாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அவருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒன்றரை மாதம் போனது. பிரிண்டர் சத்தியவான் மாதிரி ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கை, மேசைக்குப் பின்னால் தானாகப் போனது. மூடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அமிர்தம், "அய்யய்யோ, ஒண்ணும் வரலியே" என்றாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு இளமதி வந்தாள், மேசைக்கடியில் புகுந்தாள், மூடியை மாட்டினாள். சர்வீஸ் தாளில் "ஒயர் தளர்வு" என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் அந்தக் கையெழுத்தை முடிந்தவரை மெதுவாகப் போட்டார்.

அதற்கப்புறம் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை "ஒயர் தளர்ந்தது". பரீட்சை நேரத்தில் தொட மாட்டார். அந்த அளவுக்கு மனசாட்சி இருந்தது. ஞானாம்பாள் சாயங்காலம் வாசலிலேயே, "இன்னிக்கு பிரிண்டர் ஓடுச்சா?" என்று கேட்பாள். "ஓடுது" என்றால் அவள் முகம் விழுந்துவிடும். எல்லா ஊரிலும் பிரிண்டர் ஓட வேண்டும் என்று கும்பிடுவார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் அது ஓடக் கூடாதென்று விளக்கேற்றினார்கள்.

ஒரு முறை அவள் வந்தபோது வயிறு தெரிந்தது. ஆறு மாதம் இருக்கும். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மூச்சு வாங்கியபடி மேசைக்கடியில் குனிந்தாள். தட்சிணாமூர்த்தி பதறி எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு அப்படியே நின்றார். தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவருக்கு.

அன்றிலிருந்து அந்த மூடியை அவர் தொடவில்லை. பதினொரு மாதம் பிரிண்டர் ஒரு நாள் தவறாமல் ஓடியது. பேரனா பேத்தியா என்றுகூடத் தெரியாமல் இரண்டு பேரும் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கடலூர் பஸ், ஆபீசைத் தாண்டும்போதெல்லாம் அவர் ஜன்னலைப் பார்ப்பார். பஸ் நிற்காமல் போகும்.

2008 மார்ச்சில் முதல்வர் பழைய ஒயரையே எடுத்துவிடச் சொன்னார். இனி ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனிப் புது ஒயர், நடுவில் ஒரு பெட்டி. "ஒருத்தர் ஒயர் போனா இன்னொருத்தருக்கு ஒண்ணும் ஆவாது. சர்வீசுக்கு ஆளே கூப்பிட வேணாம்" என்று ஞானசேகரன் பெருமையாகச் சொன்னபோது, தட்சிணாமூர்த்தி மேசைக்குப் பின்னால் இருந்த மூடியை எட்டிப் பார்த்தார். இருந்த ஒரு வழியும் அடைபடப் போகிறது.

வேலைக்கு இளமதியே வந்தாள். அமிர்தம், "என்ன கொழந்தடி?" என்றாள். "பொண்ணுக்கா. எட்டு மாசம் முடிஞ்சிடுச்சி." இந்தப் பக்கம் தட்சிணாமூர்த்தி ஒரு மாணவனின் பிறந்த தேதியை மூன்று தரம் தப்பாக அடித்தார்.

மற்ற நான்கு கம்ப்யூட்டர்களையும் திறந்து, புது ஒயரை மாட்டுவதற்கான கார்டு போட்டு முடித்தாள். சாயங்காலம் கடைசி மேசைக்கு வந்தாள். அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள், அப்படியே மூடினாள். முதல்வரிடம் போய், "சார், இது ரொம்பப் பழசு. இது மட்டும் பழைய ஒயர்லயே இருக்கட்டும். அந்தப் பெட்டியில அதுக்கும் ஒரு வாய் இருக்கு" என்றாள்.

"தொந்தரவு குடுக்காதுல்ல?"

"மத்தவங்களுக்குக் குடுக்காது சார். இந்த ஒரு மேசை மட்டும் அப்பப்ப நிக்கும். நான் வந்து பாத்துக்கறேன். ஒரு கார்டு மிச்சம், எடுத்துட்டுப் போறேன்."

தட்சிணாமூர்த்தி அவள் பையைப் பார்த்தார். பிரிக்காத கார்டு ஒன்று வெள்ளி உறைக்குள் அப்படியே கிடந்தது. காலையில் அவள் மேசைக்கு மேசை கம்ப்யூட்டரைத் திறந்து எந்தக் கார்டு சேரும் என்று பார்த்தது நினைவுக்கு வந்தது. ஐந்தும் ஒரே மாதிரிதான் என்று அப்போது அமிர்தத்திடம் அவளே சொன்னாள்.

அவள் மேசைக்கடியில் போய் மூடியை மாட்டினாள். வெளியே வரவில்லை. அங்கிருந்தே, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"கழட்டறப்ப வெடுக்குன்னு இழுக்காதீங்கப்பா. உள்ள இருக்கற முள்ளு ஒடிஞ்சிடும். அழுத்தி இடது பக்கமா திருப்புங்க, தானா வந்துடும்."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கண் மறைத்தது. நான்கு வருஷமாக இருபது பேருக்குப் பயந்து வைத்திருந்த வீம்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"எப்ப கழட்டட்டும்மா?" என்றார்.

"வெள்ளிக்கெழம பாப்பாவுக்கு ஊசி. ரெண்டு நாளு அழுவா. திங்கக்கெழம கழட்டுங்க, தூக்கிட்டு வர்றேன்."