பின் சீட்டும் கேரியரும்

அஞ்சாங் கிளாஸோடு என் படிப்பு நின்றுபோச்சு. எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். மறதியும் ஜாஸ்தி, முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருப்பேன். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு விஷயம் கேட்கணும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து ரெண்டு மூணு வருஷம் இருக்கும். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இருந்தோம். இன்றைக்குக் கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அப்போது சவுக்கும் வேர்க்கடலையும்தான். எங்க ஊட்டுக்காரருக்கு மாட்டு வியாபாரம். கூடவே புண்ணாக்கு மூட்டை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போடுவார். நாலு வருஷம் கையில் காசு நின்றது. மோட்டார் சைக்கிள் வாங்கணும் என்று ஆரம்பித்தார்.

எனக்கு அம்மா ஊடு திருவள்ளூருக்கு அந்தாண்டை. பட்டணம் வரைக்கும் ஒரு ரயில், அங்கே மாறி இன்னொரு ரயில், இறங்கினால் மாட்டு வண்டி. விடியற்காலை கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை போனால் அதிகம். மீஞ்சூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு டாக்டரம்மா, புருஷனுக்குப் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து மோட்டார் சைக்கிளில் போனதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரே நினைப்பு. அப்படிப் போய் அம்மா வாசலில் இறங்கணும். அம்மா கையில் மாவோடு வெளியே ஓடி வரணும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும்தான்.

அவருக்கு ஒரு பழக்கம். புது மாடு வாங்கினால் கயிற்றை முதலில் என் கையில் கொடுத்துத்தான் கொட்டகையில் கட்டுவார். என் கை ராசியாம். அதனால் பட்டணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மவுண்ட் ரோட்டில் பெரிய கண்ணாடிக் கடை. உள்ளே வண்டிகள் பளபளவென்று நின்றன. இவர் சந்தையில் மாடு பார்க்கிற மாதிரியே சுற்றிச் சுற்றி வந்தார். டயரை அமுக்கினார், டேங்கியைத் தட்டிக் காது கொடுத்தார். கழுத்தில் டை கட்டின பையன் ஒருத்தர் விலை சொன்னதும், இவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையை மூடி நீட்டினார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பிடித்தே பேசி முடிப்பார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பையன் கைகுலுக்கத்தான் கேட்கிறார் என்று கையை உள்ளே விட்டார். இவர் ரெண்டு விரலை அமுக்கியதும் நெளிந்தார்.

"இன்னா சார் இது, கிச்சுகிச்சு மூட்றீங்க!"

கடையே சிரித்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உள்ளே கணக்கு மேஜையில் இருந்த பெரியவர் எழுந்து வந்தார். "தள்ளுப்பா. எங்கப்பாவும் மாட்டுக்காரருதான்" என்று சொல்லித் தன் கையைத் துண்டுக்குள் விட்டார். ரொம்ப நேரம் விரலாலேயே பேசினார்கள். பெரியவர் தலையை ஆட்டுவார், இவர் உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் பெரியவர் கையை உருவிக்கொண்டார்.

"இதுக்கு மேல எறங்கினா என்னை வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க நைனா. ஒண்ணு பண்றேன். பின் சீட்டோ கேரியரோ, ஏதாச்சும் ஒண்ணு சும்மா போட்டுத் தரேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. சீட்டா, கேரியரா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சீட்டு என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. முந்தானையைத் திருகிக்கொண்டே, "அவருக்கு எது தோதோ..." என்றேன்.

"புண்ணாக்கு மூட்டை தானா நடந்து வருமா? இவ ரயில்ல வந்துடுவா. கேரியரே போடுங்க" என்றார். மறுபடி சிரிப்பு. நானும்கூடச் சிரித்தேன்.

ரெண்டும் ஒண்ணாப் போட முடியாது என்று அந்த நேரத்தில் ஒரு குரல் சொன்னது.

சாவியை முதலில் என் கையில்தான் கொடுக்கச் சொன்னார், பிறகு கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். வண்டியைக் கடை ஆள் மறுநாள் ஓட்டி வருவதாகப் பேச்சு. திரும்பும்போது ரயிலில் நல்ல கூட்டம். எவ்வளவு குறைத்தார் என்று கேட்டேன். பக்கத்தில் ஆள் இருந்ததால் துண்டை என் கைமேல் போட்டு, விரலைப் பிடித்துச் சொன்னார். அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. தெரியவில்லை என்று ரெண்டு தரம் சொன்னேன். ரெண்டு தரமும் திரும்பப் பிடித்துச் சொன்னார். பொன்னேரி தாண்டும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. அப்போதாவது சீட்டு வேணும் என்று சொல்லியிருக்கலாம்.

அதற்கப்புறம் வண்டி திருவள்ளூருக்கு எத்தனையோ தடவை போனது. புண்ணாக்கு வாங்க அந்தப் பக்கம் போனால் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அம்மா கேரியரில் முருங்கைக்காய்க் கட்டு கட்டி அனுப்புவாள். "அவள கூட்டியாரலயான்னு கேட்டாங்க" என்பார். நான் கட்டை அவிழ்ப்பேன். கட்டியிருந்தது என் அம்மா புடவைக் கிழிசலாக இருக்கும். அதைத் துவைத்து மடித்து வைத்துக்கொள்வேன்.

ஒரு தரம், "கோணிய மடிச்சிப் போட்றேன், ஒக்காரு, போய்க்கினு வரலாம்" என்று கூப்பிட்டார். "மூட்டையாட்டம் போனா ஊரு சிரிக்கும்" என்று மறுத்துவிட்டேன். மறுபடி அவர் கூப்பிடவில்லை. பிறகு வண்டியை விற்றாயிற்று. அம்மாவும் போய்விட்டாள், அவரும் போய்விட்டார்.

நான் கேட்க வந்தது இதுதான். ரெண்டும் ஒண்ணாப் போட முடியாது என்று சொன்னது அந்தப் பெரியவர் குரலா, எங்க ஊட்டுக்காரர் குரலா என்று எனக்கு மறந்துபோச்சு. அவர் இருந்தவரை கேட்க வெட்கம். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிளைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், பின் சீட்டும் கேரியரும் சேர்த்துப் போட முடியுமா, முடியாதா என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள். முடியாது என்றால் எனக்கு நிம்மதி. முடியும் என்றாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள்.